இரண்டாம் மேசைக்குப் புகை ஆகாது

அந்த வங்கியின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் 'நற்பெயர் இடர்' என்று ஒரு கமிட்டி உட்காரும். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு காலாண்டு ஆகும். பெரிய வங்கி என்பது போதும். அது கொடுத்த கடன்களைவிட அந்தக் கடன்களைப் பற்றி அது எழுதிவைத்த குறிப்புகள் எடை கூடியவை.

சில வருடங்களுக்கு முன் அந்த வங்கி, காற்றாலை கட்டப்போவதாகச் சொன்ன ஒருவருக்குக் கடன் கொடுத்தது. அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது அங்கே ஆலையும் இல்லை, ஆளும் இல்லை. காற்று மட்டும் இருந்தது. உடனே ஆலோசகர்களை வரவழைத்தார்கள். அவர்கள் ஆறு மாதம் தங்கி, காற்றாலைக்காரர் வாங்கியதில் பாதியைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு யோசனை சொன்னார்கள். கடனைக் கொடுக்கிறவர்களிடமிருந்து சோதிக்கிறவர்கள் தள்ளி இருக்க வேண்டும். அவர்களுக்கு மேலிருந்து பார்க்கும் பார்வை வேண்டும்.

தள்ளி என்றால் எத்தனை கிலோமீட்டர், மேலே என்றால் எத்தனை அடி என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு குடும்பத்தோடு கொடைக்கானலுக்கு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, செண்பகனூரில் ஒரு பங்களாவைப் பரிந்துரைத்தது. அந்தப் பங்களா இயக்குநர் ஒருவரின் மச்சினருடையது என்பது தற்செயல். தற்செயல்தான் என்று கூட்டக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

இப்படித்தான் 'கடன் இடர் ஆளுகைப் பிரிவு, மலைத்தொகுதி' என்ற பலகை செண்பகனூர் சாலையோரம் வந்தது. உள்ளே மூன்று மேசைகள், மூன்று அதிகாரிகள். முதல் மேசை கடன் கேட்கிறவரை விசாரித்து, இடத்தைப் பார்த்து, கொடுக்கலாம் என்று எழுதும். இரண்டாம் மேசை அதைச் சந்தேகப்படும். மூன்றாம் மேசை, சந்தேகம் முறைப்படி சந்தேகப்படப்பட்டதா என்று சோதிக்கும். இவற்றுக்கு மூன்று அரண்கள் என்று பெயர்.

முதல் மார்கழிக் குளிரிலேயே இரண்டாம் அரணுக்கு மூச்சிரைப்பு வந்து, சிபாரிசு பிடித்து மதுரைக்கு மாற்றலாகிப் போனது. மூன்றாம் அரண் விருப்ப ஓய்வு வாங்கி, ஏரிக்கரையில் ஹோம்மேட் சாக்லேட் கடை போட்டது. மிஞ்சியவர் முதல் மேசை நாச்சிமுத்து. பழனிக்காரர், நாற்பத்தொன்பது வயது, சொன்னதைச் செய்கிற மனிதர். அந்த வங்கியில் இதைவிட ஆபத்தான குணம் வேறு இல்லை.

ஆள் கேட்டு எழுதினார். பதில் வந்தது. 'காலியான இரு பொறுப்புகளையும் தாங்களே கூடுதலாக வகிக்கவும். எனினும் மூன்று மேசைகளின் சுதந்திரமும் காக்கப்பட வேண்டும். ஒரு மேசையில் அறிந்ததை மற்றொரு மேசை அறிந்திருக்கக் கூடாது.'

நாச்சிமுத்து அந்தக் கடிதத்தை மூன்று மேசையிலும் உட்கார்ந்து மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் புரியவில்லை. ஆனாலும் செய்தார். காலையில் முதல் மேசையில் எழுதுவார். எழுந்து வாசல்வரை போய், ஒரு நிமிடம் நின்று, அறிந்ததை மறந்துவிட்டு வந்து இரண்டாம் மேசையில் உட்காருவார். 'தங்கள் குறிப்பு திருப்தியாக இல்லை' என்று முதல் மேசைக்கு மின்னஞ்சல் அனுப்புவார். திரும்பப் போய் அதைப் படிக்கும்போது அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. லீவுதான் பழகவில்லை. மூன்று அரண்களில் இரண்டு எப்போதும் நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் லீவு போட்டால் மூன்று பேரும் போய்விடுகிறார்களே. அதனால் எட்டு மாதமாக நாச்சிமுத்து ஊருக்குப் போகவில்லை. பழனி அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் விபூதி, சந்தனக் கடை வைத்திருக்கும் அவர் மனைவி லீலா, கடையை விட்டு மேலே வர முடியாது. மகள் புவனா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள்.

"மனு போட்டீங்களா?" என்று லீலா போனில் கேட்பாள்.

"போட்டேன். ரெண்டாம் மேசைக்கு வந்துச்சு. நாந்தான் வேணாம்னு எழுதுனேன்."

"நீங்களேவா?"

"விதி அப்படித்தானே இருக்கு லீலா."

 கடைக்கு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போவார். மேகம் விலகினால் அங்கிருந்து பழனி மலை கீழே தெரியும். அதன் காலடியில் எந்தப் புள்ளி தன் வீடு என்று தேடிக்கொண்டு நிற்பார். செல்பி எடுக்க வந்தவர்கள் கொஞ்சம் நகரச் சொல்வார்கள். வாரம் முழுக்க அவரிடம் மனிதர்கள் பேசிய பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு நாள் வீரம்மாள் வந்தார். மேல்மலைப் போளூர்க்காரம்மா. வெள்ளனே முதல் பஸ் பிடித்து, கொடைக்கானலில் இறங்கி, டவுன் பஸ் மாறி வந்திருந்தார். பயிர்க்கடன் மனுவை பிராஞ்சில் கொடுத்ததற்கு, ரிஸ்க் ஆபீசில் ஓகே ஆனால்தான் ஆகும் என்று இங்கே தள்ளிவிட்டிருந்தார்கள். உள்ளே வந்து மூன்று மேசையையும் ஒற்றை ஆளையும் பார்த்தார்.

"மத்தவங்க சாப்பிடப் போயிருக்காங்களா சார்?"

"இல்லம்மா. எல்லாரும் இருக்காங்க. உக்காருங்க."

முதல் மேசையில் விசாரணை நடந்தது. ஊர், பட்டா, எத்தனை சென்ட், என்ன பயிர். வீரம்மாள் சொன்னார். புருசன் தவறி ஆறு வருடம், மகன் விக்னேஷ் திருப்பூரில் பனியன் கம்பெனி, முக்கால் ஏக்கரில் மலைப்பூண்டு.

"விதைப்பூண்டு எங்கிட்டயே இருக்கு சார். நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து வெளிய விதை வாங்குனதே இல்ல. உழவுக்கும் எருவுக்கும் ஆள் கூலிக்குந்தான் கேக்குறேன். ஐப்பசி முடியறதுக்குள்ள நட்டுறணும். தள்ளிப் போச்சுன்னா விதையவே மூட்டை கட்டி வடுகபட்டிச் சந்தைக்கு ஏத்தி, வித்துத் திங்க வேண்டியதுதான்."

நாச்சிமுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனார், நின்றார், வந்து இரண்டாம் மேசையில் உட்கார்ந்தார். வீரம்மாளை அந்தப் பக்கம் வரச்சொன்னார்.

"உங்க பேரு என்னம்மா?"

"இப்பத்தானே சார் சொன்னேன்."

"அது அந்த மேசைம்மா."

வீரம்மாள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். மூன்றாம் மேசைக்கு வந்தபோது கேட்கும் முன்பே கும்பிட்டார். "வணக்கம் சார். எம்பேரு வீரம்மாள், போளூரு. உங்கள இதுக்கு முன்ன பாத்ததே இல்ல."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் அந்தப் பங்களாவுக்குள் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்து முடித்ததும் அவருக்கே கூச்சமாக இருந்தது.

"சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்பாங்க" என்றார் வீரம்மாள். "இங்க சாமி, பூசாரி, உண்டியல் எண்ணுறவரு எல்லாமே நீங்கதான். வெரசா முடிச்சுக் குடுத்துருங்க."

அடுத்த வாரம் இடத்தைப் பார்க்க முதல் மேசை போளூர் போயிற்று. பணிப்பயணம் லீவில் சேராது என்று விதியில் ஒரு சந்து இருந்தது. பஸ் மன்னவனூர் தாண்டும்போது மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. படிப்படியாக இறங்கும் நிலம், நடுவே கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள். வீரம்மாளின் நிலம் சுத்தமாகப் புல் பிடுங்கி, உழவுக்குக் காத்துக்கிடந்தது.

கடனுக்குப் பிணையாகக் காட்டிய விதையைப் பார்க்க அடுப்படிக்குள் கூட்டிப்போனார். அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். அதில் கொத்துக் கொத்தாகத் தாளோடு கட்டித் தொங்கவிட்ட பூண்டு. அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"புகை இருந்தாத்தான் சார் பூண்டு நிக்கும். இந்த ஊர் ஈரத்துக்கு, புகையில்லாம பத்து நாள் வச்சீங்கன்னா பூசணம் பூத்துரும். எங்க ஊர்ல எல்லா வீட்லயும் இப்படித்தான் கெடக்கும்."

பிறகு சோறு போட்டார். பூண்டுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும். நாச்சிமுத்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "மூணு மேசைக்கும் ஆச்சா சார்?" என்று கேட்டார் வீரம்மாள். கடைசி பஸ்சில் திரும்பும்போது சட்டையெல்லாம் புகை வாசம். அதை அவர் இரண்டு நாள் துவைக்கவில்லை.

அலுவலகத்தில் எண்பத்தாறு கேள்விகள் கொண்ட படிவம் காத்திருந்தது. பஞ்சுக் கிடங்குகளுக்காக யாரோ எங்கேயோ தயாரித்தது. அறுபத்தோராம் கேள்வி: 'பிணைப் பொருளின் அருகே தீ அல்லது புகை உண்டா?' நாச்சிமுத்து நேர்மையாக 'உண்டு' என்று தட்டினார். அறுபத்திரண்டு: 'தற்செயலா? வேண்டுமென்றா?' கொஞ்சம் யோசித்து, 'வேண்டுமென்றே' என்று தட்டினார். திரை முழுக்கச் சிவப்பானது. 'கடன் கேட்பவர் சொந்தச் சரக்கிற்குத் தீ வைக்கும் மனப்போக்கு உடையவர்' என்று கணினி கண்டுபிடித்திருந்தது.

சிவப்பானால் கமிட்டி கூட வேண்டும். கமிட்டிக்குக் கோரம், அதாவது குறைந்தபட்ச ஆள் கணக்கு, மூன்று பேர். நாச்சிமுத்து கதவைச் சாத்திவிட்டுக் கூட்டினார். அந்தக் கூட்டக் குறிப்பு இப்படிப் போகிறது.

'முதல் மேசை: புகை பூண்டைக் கெடுக்கவில்லை, காக்கிறது. நேரில் பார்க்கப்பட்டது.

இரண்டாம் மேசை: இந்த மேசை நேரில் பார்க்கவில்லை. காகிதத்தில் புகை என்றால் புகைதான்.

மூன்றாம் மேசை: நேரில் பார்த்தது என்பது கருத்து. பார்க்காதது என்பது தரவு. தரவே ஏற்கப்படும்.'

ஒரே கூட்டத்தில் முடியவில்லை. ஏழு கூட்டம் நடந்தது. உள்ளதைச் சொன்னால், நாச்சிமுத்துவுக்கு முடிக்க மனம் வரவில்லை. மூன்று பேர் பேசிக்கொள்வது அவருக்குப் பிடித்துப் போயிற்று. நான்காம் கூட்டத்தின் குறிப்பில், 'வெளியே மழை பெய்வதை இரண்டாம் மேசை சுட்டிக்காட்டியது. முதல் மேசை ஆமோதித்தது' என்று இருக்கிறது. ஆறாம் கூட்டத்தில், 'இன்று தன் மகளின் பிறந்தநாள் என்று மூன்றாம் மேசை தெரிவித்தது. மற்ற இரு மேசைகளும் வாழ்த்துத் தெரிவித்தன.' இதைத் தலைமை அலுவலகத்தில் பதினோரு பேர் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏழாம் கூட்டத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து முதன்மைப் பொது மேலாளர் ராஜேஷ்குமார் வீடியோவில் வருவதாகத் தகவல் வந்தது. மூன்று அதிகாரிகளும் தனித்தனியே இணைய வேண்டும் என்று உத்தரவு. நாச்சிமுத்து மூன்று மடிக்கணினிகளையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்து, மூன்றிலும் நுழைந்து, நடுவில் உட்கார்ந்தார். ராஜேஷ்குமாரின் திரையில் மூன்று கட்டங்களில் மூன்று கோணங்களில் நாச்சிமுத்து தெரிந்தார்.

"குட் மார்னிங் முதல் மேசை. குட் மார்னிங் இரண்டாம் மேசை. மூன்றாம் மேசை, சார் கொஞ்சம் டல்லா தெரியறாரே, உடம்பு ஓகேவா?"

"ஓகே சார்" என்றார் நாச்சிமுத்து. மூன்று கட்டங்களிலும் வாய் அசைந்தது.

"ஒரு விஷயம் மனசுவிட்டுச் சொல்றேன். இந்தியா முழுக்க நம்மகிட்ட இருக்கற பிரிவுகள்லயே, கருத்து வேறுபாட்டில உங்க டீம்தான் நம்பர் ஒன். மத்த இடங்கள்ல பத்துப் பேர் இருப்பான், பத்துப் பேரும் ஒண்ணா தலையாட்டுவான். நீங்க மூணே பேர், மூணு கருத்து. இதைத்தான் நான் போர்டுல சொன்னேன். உங்க குறிப்புகள் எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். அதாவது, எல்லாத்தோட நீளத்தையும் பார்த்திருக்கேன்."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "சார், அந்தப் போளூர் அம்மாவுக்கு ஐப்பசிக்குள்ள..."

"இது யார் பேசறது? முதல் மேசையா? முதல் மேசைன்னா அப்படித்தான் பேசும், தப்பில்ல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்த வங்கி நூறு வருஷத்துல, கொடுக்காத கடன்ல ஒரு பைசாகூட நஷ்டப்பட்டதில்ல. நம்ம நஷ்டம் எல்லாமே கொடுத்த கடன்லதான் வந்திருக்கு. நான் முப்பது வருஷமா எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல, பார்த்தேன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன். அதனாலதான் இந்த நாற்காலியில இருக்கேன். சரி, புகை பிரச்சினைக்கு வரேன். கடன் வேண்டாம்னு நான் சொல்லல. புகை வேண்டாம்னுதான் சொல்றேன். சரக்கைத் தீப்பிடிக்காத மூடிய கலன்ல வச்சு, சீல் வச்சு, படம் எடுத்து அனுப்புங்க. இரண்டாம் மேசை நேர்ல போய் சீலைச் சரிபார்க்கட்டும். ரெண்டு நாள்ல முடிச்சுத் தரேன்."

"சார், மூடி வச்சா அழுகிரும்..."

"அழுகல் இந்தப் படிவத்துல இருக்கா?"

இல்லை. எண்பத்தாறு கேள்விகளில் அழுகலைப் பற்றி ஒன்றும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் மூன்று கட்டங்களும் அணைந்தன. நாச்சிமுத்து போளூருக்குப் போய் வீரம்மாளிடம் சொன்னார். ரெண்டே நாள் என்றார். வீரம்மாள் பரணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "புகையவிட்டு எறக்குனதே இல்ல சார். நீங்க சொல்றீங்கன்னு எறக்குறேன்." இருவருமாக இறக்கி, வங்கி அனுப்பிய நான்கு பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி மூடினார்கள். வங்கியின் சிவப்பு சீல் பட்டையை நாச்சிமுத்து தன் கையால் ஒட்டினார். படம் எடுத்தார். படத்தில் புகை இல்லை.

இரண்டாம் மேசை போய்ச் சரிபார்க்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. முதல் மேசை போளூர் போன நாட்களில் மற்ற இரு மேசைகளின் கணினிகளும் தூங்கிக்கொண்டிருந்ததைத் தலைமை அலுவலகத்தின் தரவுப் பிரிவு கண்டுபிடித்துவிட்டது. ஓர் அதிகாரி வெளியே போனால் மற்ற இருவரும் வேலை செய்வதில்லை என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். பணிப்பயணம் ரத்து. மறு உத்தரவு வரும்வரை எந்த மேசையும் நிலையத்தை விட்டு நகரக் கூடாது.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. மூன்று அதிகாரிகளும் ஒரே நிமிடத்தில் வந்து, ஒரே நிமிடத்தில் சாப்பிட்டு, ஒரே நிமிடத்தில் போகிறார்கள். இது கூட்டுச்சதியின் அறிகுறி. 'இனி மூவரும் சேர்ந்து உணவருந்தக் கூடாது' என்று உத்தரவு வந்தது. பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை முதல் மேசை, பிறகு இரண்டாம் மேசை, பிறகு மூன்றாம் மேசை. நாச்சிமுத்துவிடம் ஒரு டிபன்பாக்ஸ்தான் இருந்தது. முதல் அரை மணியில் இரண்டு இட்லி சாப்பிட்டார். அடுத்த ஒரு மணி நேரம், சாப்பிட வேண்டிய நேரத்தில் சாப்பிட எதுவுமில்லாமல், ஜன்னல் வழியாக எதிர் டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் வீரம்மாள் போன் செய்தார். போன் இருந்தது இரண்டாம் மேசையில்.

"பெட்டிக்குள்ள வேர்த்துக் கெடக்கு சார். வெளியவே தெரியுது. தொறந்து புகையில போட்டுரட்டுமா?"

நாச்சிமுத்துவின் எதிரே திரையில், 'சீல் உடைந்தால் மனு தானாக ரத்தாகும்' என்று இருந்தது.

"கொஞ்சம் பொறுங்கம்மா. சீலை உடைச்சா கடன் போயிரும். உத்தரவு வந்துரும்."

பத்தாம் நாளும் கேட்டார். அப்போதும் பொறுக்கச் சொன்னார். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு வீரம்மாள் கேட்கவில்லை. போன் வராதது நிம்மதி என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். பொய். மணி அடித்தால் இரண்டாம் மேசைக்கு ஓடினார், அடிக்காதபோதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இருபத்தோராம் நாள் ஒப்புதல் வந்தது. இவ்வளவு நாள் சீல் உடையாமல் இருந்ததே கடன் கேட்பவரின் நன்னடத்தைக்குச் சான்று என்பதால், நேரடிச் சரிபார்ப்பு தேவையில்லை என்று தலைமை முடிவு செய்திருந்தது. கூடவே ஒரு பாராட்டுக் கடிதம். நாச்சிமுத்து போளூருக்குப் போன் செய்து கடன் வந்துவிட்டது என்றார். வீரம்மாள், "வர்றேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வீரம்மாள் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். மூன்று மேசைகளில் எதிலும் வைக்கவில்லை. வாசலை ஒட்டி, வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் வைத்தார். சிவப்புப் பட்டை ஒட்டியபடியே இருந்தது.

"நீங்களே உடைங்க சார். உங்க சீலு."

நாச்சிமுத்து உடைத்தார். மூடியைத் தூக்கும் முன்பே நாற்றம் வந்தது. தாள்கள் கறுத்து, பற்கள் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டி, மேலே சாம்பல் நிறத்தில் பூசணம். அவர் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

வீரம்மாள் கத்தவில்லை. மூன்று மேசைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தொறக்க வேணாம்னு போன்ல சொன்னது எந்த மேசைக்காரரு சார்? அவரக் கூப்பிடுங்க. அவர்ட்டதான் நான் பேசணும்."

இரண்டாம் மேசை நாற்காலி காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, தலைமையின் உத்தரவு எண்ணைச் சொல்லியிருக்கலாம். முதல் மேசைக்குப் போய், ஆரம்பத்திலேயே நான் கொடுக்கலாம் என்றுதான் எழுதினேன் என்று நகலைக் காட்டியிருக்கலாம். அந்த வங்கியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

"நாந்தாம்மா" என்றார் நாச்சிமுத்து. "நாந்தான் சொன்னேன். அழுகும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

 பெட்டியின் பக்கத்தில், அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

வீரம்மாள் அவர் கையிலிருந்த மூடியை வாங்கிப் பெட்டியை மூடினார். "மூணு பேர்ல ஒருத்தரையாச்சும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். "பஸ்ல வரும்போதே என்னென்ன திட்டணும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். நீங்க நாந்தான்னுட்டீங்க. இப்ப அதுவும் போச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அந்த விதை இனிக் கெடைக்காது சார். காசு குடுத்தா வேற விதை கெடைக்கும். அது கெடைக்காது."

"எல்லாமே போயிருச்சாம்மா?"

"மத்த மூணு பெட்டியில அங்கங்க நல்லது கெடக்கும். இன்னைக்கே பொறுக்கிப் புகையில போட்டா ரெண்டு சென்ட்டுக்குத் தேறும். வர்ற வருசத்துக்கு விதையாச்சும் மிஞ்சும். பொறுக்கத்தான் ஆளில்ல. எல்லாரும் நடவு சோலியாப் போயிட்டாங்க."

நாச்சிமுத்து எழுந்து ஒப்புதல் கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார். "இத நாளைக்கு பிராஞ்சுல குடுங்க. விதை கெட்டா கடன் ரத்துன்னு ஒரு விதி இருக்கு. ஆனா பெட்டியத் தொறந்தது பெஞ்சுல. எந்த மேசையும் பாக்கல." பிறகு மணிபர்சை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். "வாங்க, பஸ்சுக்கு நேரமாச்சு. நான் வர்றேன்."

"உங்களுக்கு லீவு குடுப்பாங்களா சார்?"

"குடுக்க மாட்டேன்" என்றார் நாச்சிமுத்து.

சாயங்காலம்வரை இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஒவ்வொரு பூண்டாக எடுத்து, அமுக்கிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் வலப்பக்கம், அமுங்கினால் இடப்பக்கம். இடப்பக்கம்தான் மலைபோல் ஏறியது.  மன்னிப்புக் கேட்க அவருக்கு நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டால் அந்தம்மா பரவாயில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

செண்பகனூரில் மூன்று கணினிகளும் திறந்தபடியே கிடந்தன. மாலை ஐந்தே முக்காலுக்கு அவை வழக்கம்போலத் தாமாகவே தலைமைக்கு அன்றைய அறிக்கையை அனுப்பின. 'மூன்று அரண்களும் விழிப்புடன் உள்ளன. இன்று இடர் ஏதும் இல்லை.'

வலப்பக்கம் சேர்ந்ததை வீரம்மாள் நான்கு கொத்தாகக் கட்டினார். நாச்சிமுத்து ஏணியில் ஏறிப் பரணில் தொங்கவிட்டார். வீரம்மாள் அடுப்பில் ஈர விறகை வைத்து ஊதினார். புகை மேலே ஏறியது.

"கடைசி பஸ் போயிருச்சு சார். ஆபீஸ்ல உங்களத் தேட மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா" என்றார் நாச்சிமுத்து, புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "அங்க மூணு பேரு இருக்கறதா நெனச்சுக்கிட்டு இருப்பாங்க."